பின்னறையில் லைன் இல்லை

வைஃபை வானத்திலிருந்து இறங்குகிறது என்று நினைக்கும் ஆட்களிடம் எனக்குப் பொறுமை இருந்ததே இல்லை. ஒருமுறை எங்கள் ஊர் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை முதலாளி, திருடு போய்விடும் என்று பயந்து ரௌட்டரை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "தம்பி, லைன் ரொம்ப ஸ்லோவா இருக்குலா, வந்து பாருங்க" என்று எங்களைக் கூப்பிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் என் மனைவி என் காலை மிதித்தாள்.

"அண்ணே, அந்தக் கதவக் கொஞ்சம் திறந்து வைங்க. அது மூச்சு விடட்டும்" என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்கு அது உடனே புரிந்தது. இரும்பு ரேடியோ அலையை விடாது என்று நான் அரைமணி நேரம் விளக்கியிருப்பேன், கடைசியில் சண்டையில் முடிந்திருக்கும். பத்து வருடம் எங்கள் தொழில் ஓடியது அவள் வாயால்தான்.

தொழில் என்றால் நானும் அவளும் மட்டும்தான். ஒரு பழைய வேன், இரண்டு ஏணி, கேபிள் சுருள்கள். எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் கடைகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்போம். கேபிள் இழுப்பது என் வேலை. முனை கட்டுவது அவள் வேலை. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியபடி போகும். பக்கத்தில் ஓடும் மின்சாரக் கம்பியோ, மின்விசிறி மோட்டாரோ இரைச்சலைக் கிளப்பினால் அது ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோய்விடும். முனை கட்டும்போது முறுக்கை அதிகமாகப் பிரித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. அவள் அரை இன்ச்சுக்கு மேல் பிரித்து நான் பார்த்ததில்லை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி அடுக்குவாள்.

கட்டி முடித்ததும் சோதிக்க வேண்டும். அந்தக் கருவி இரண்டு பாகமாக இருக்கும். பெரிய பாகம் ஒரு முனையில் என்னிடம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன பாகம் மறுமுனையில் அவளிடம். நான் பொத்தானை அழுத்தினால் அவள் கையில் ஒன்றிலிருந்து எட்டுவரை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். அவள் மாடியில் நிற்பாள், நான் கீழே கடைவாசலில் நிற்பேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. மூணு மட்டும் வரல. இருங்க, நான் பாக்கறேன்."

ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இப்படி. கணவன் மனைவிக்கு இதைவிட அதிகமாக என்ன பேச்சு வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாடிக்கையாளர் யாராவது "கேபிள் நல்லதா, வைஃபை நல்லதா" என்று கேட்டுவிட்டால் எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. தேத்தண்ணி ஆறும்வரை பேசுவேன். கேபிளில் ஆளுக்கு ஒரு தனிப் பாதை. நடுவில் இருக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டி, எந்தத் துளையில் யார் இருக்கிறார்கள் என்று கற்றுவைத்துக்கொண்டு, செய்தியை உரியவருக்கு மட்டும் அனுப்பும். ஒரே நேரத்தில் பேசவும் செய்யலாம், கேட்கவும் செய்யலாம். வைஃபையில் அந்த வசதி கிடையாது. காற்று ஒன்றுதான், அது எல்லாருக்கும் பொது. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்கலாம். இரண்டு பேர் ஒன்றாகத் திறந்துவிட்டால் இரண்டுமே பாழ், கொஞ்சம் காத்திருந்து மறுபடி சொல்ல வேண்டும். அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் கிடைத்தது என்று பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் திரும்ப அனுப்பும். சில தடவை அனுப்பிப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிடும்.

"இவ்வளவு பேச்சு வீட்ல வராதே உங்களுக்கு" என்பாள், வேனில் ஏறும்போது. கிண்டலாகத்தான் சொல்வாள். நானும் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் பிறகு நடந்ததைச் சொல்ல முடியாது. ஜார்ஜ் டவுனில் பாதிக் கட்டடங்கள் பழையவை, நினைத்த இடத்தில் துளை போட முடியாது. வீட்டுக்காரர் கத்துவார், நகராட்சி கேள்வி கேட்கும், உத்தரமும் பாழாகும். அதனால் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தலையைத் தூக்கி மேலே பார்ப்போம். பழைய மின்விசிறி தொங்கிய கொக்கி, விளக்குக்கு அடித்த ஆணி, யாரோ எப்போதோ போட்ட துளை, எது இருந்தாலும் கேபிளை அதில் கட்டுவோம். புதிதாக ஒரு துளைகூடப் போடாமல் வேலையை முடித்தால் அன்றைக்கு எங்களுக்குப் பெருமை தாங்காது. என்னைவிட அவளுக்கு அந்தக் கண் கூர்மை. "மேல பாருங்க, கொக்கி இருக்கு" என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

எங்கள் வீடும் அப்படியொரு பழைய வரிசை வீடுதான். அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னறை, நடுவில் மழை நேராக விழும் முற்றம், அதைத் தாண்டிச் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் ஒரு சின்ன அறை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள், மழைக்காலத்தில் ஊறி ஊறி எப்போதும் ஈரமாக இருக்கும். ரேடியோ அலையைத் தண்ணீர் குடித்துவிடும். முன்னறை ரௌட்டரின் அலை முற்றத்தைத் தாண்டும், சமையற்கட்டில் தள்ளாடும், பின்னறைக்குள் நுழையாது. பின்பக்கம் உயரமான கட்டடம் என்பதால் கைப்பேசி லைனும் அங்கே வராது. ஊருக்கெல்லாம் நெட்வொர்க் போடுகிறவன் வீட்டில் லைன் போகாத அறை ஒன்று இருக்கிறதே என்று எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. ஆனால் சாமான் போட்டுவைக்கும் அறைதானே என்று விட்டிருந்தேன்.

கல்யாணமாகி ஒன்பதாவது வருடம் அந்த அறையைக் காலி செய்தோம். வெளிர் மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். இங்கே பிள்ளைத் தொட்டில் என்றால் உத்தரத்தில் ஒரு கொக்கி, கொக்கியில் நீளமான ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் சாரோங் துணி. அந்தக் கொக்கிக்காக, அறையின் நட்டநடுவில், உத்தரத்தில் துளை போட்டேன். ஒரு பழைய மரத்தில் நான் மனசார விரும்பிப் போட்ட ஒரே துளை அது. போட்டுவிட்டுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினேன்.

"உங்களயே தாங்குதுன்னா யானைக் குட்டி பொறந்தாலும் தாங்கும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அசைவு தெரியவில்லை என்றாள். ஸ்கேன் எடுத்த பெண்மணி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என் கை வராது.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே ஸ்பிரிங்கையும் சாரோங்கையும் கழற்றிக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். கொக்கி மரையில் இறுகியிருந்தது. கழற்றினால் உத்தரம் பிளக்கும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு நானும் அவளும் மகளைப் பற்றிப் பேசவில்லை. அவள் பேச ஆரம்பித்த இரண்டு மூன்று தடவையும் நான் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று பேச்சை மாற்றினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம். நான் அழுதால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

போன் மட்டும் ஓயவில்லை. ஈப்போவிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து, என் பக்கத்துச் சொந்தம், அவள் பக்கத்துச் சொந்தம். "மனசத் தேத்திக்கம்மா. அடுத்தது சீக்கிரம் வந்துரும்லா." எல்லாருக்கும் "சரிங்க, சரிங்க" என்று பதில் சொன்னாள். சில வாரத்தில் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். வேலைக்கு வரவில்லை. நான் தனியாகப் போனேன். சோதிக்கும் கருவியின் சின்ன பாகத்தை மாடியில் செருகிவிட்டுக் கீழே இறங்கிப் பொத்தானை அழுத்துவேன். மறுபடி மாடியேறி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். பதில் சொல்ல ஆள் இல்லாத வேலை இரண்டு மடங்கு நேரம் எடுத்தது.

போன் போட்டால் எடுப்பதில்லை என்று சொந்தக்காரர்கள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவளிடம் கேட்டேன்.

"அங்க லைன் இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மூன்று மாதத்தில் அவள் சொன்னவற்றில் எனக்கு முழுசாகப் புரிந்த வாக்கியம் அதுதான். அவள் அழுகைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. லைன் இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த அவளுடைய அக்கா அவளை வற்புறுத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அவர்கள் வாசலைத் தாண்டியதும் நான் ஏணியை எடுத்தேன். அலையை வாங்கித் திரும்பக் கத்தும் சின்னப் பெட்டி ஒன்றைச் சமையற்கட்டில் வைத்தால் வேலை ஐந்து நிமிடம்தான். ஆனால் அது ஒரே காற்றில் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும், வேகம் பாதியாகிவிடும். என் மனைவிக்குப் பாதி வேலை செய்வேனா? முன்னறை ஸ்விட்சிலிருந்து முற்றத்தின் ஓரமாகக் குழாய்க்குள் கேபிளை இழுத்தேன். கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும், எங்கள் வீட்டுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கேபிளின் கடைசியில் ஒரு வட்டமான ஆக்சஸ் பாயிண்ட். கேபிளில் வரும் செய்தியை வாங்கிக் காற்றில் விடும் பெட்டி அது. அதற்கு மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும், தனியாக ஒயர் வேண்டாம். முனையை நானே கட்டினேன். முறுக்கை அரை இன்ச்சுக்கு மேல் பிரிக்கவில்லை.

அந்தப் பெட்டியை அறையின் நடுவில் மேலே தொங்கவிடுவதுதான் சரி, அலை குடை மாதிரி விரிந்து நாலு மூலைக்கும் இறங்கும். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நடு உத்தரத்தில், சரியாக வேண்டிய இடத்தில், ஒரு கொக்கி இருந்தது.

கை தானாகப் போனது. நான் போட்ட கொக்கி. நான் தொங்கிக் காட்டிய கொக்கி. அந்த நேரத்தில் அது எனக்கு எதுவாகவும் தெரியவில்லை, வெறும் கொக்கியாகத்தான் தெரிந்தது. கேபிளை அதில் சுற்றிக் கட்டி, பெட்டியைத் தொங்கவிட்டு, எட்டு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, கீழே சிதறிய தூளைப் பெருக்கினேன். பெட்டியில் நீல விளக்கு எரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் வந்ததும், "உள்ள வந்து பாரு" என்று கூட்டிப்போனேன். முன்னறை வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும்தான் இதற்கும் கொடுத்திருந்தேன், அதனால் அவள் கைப்பேசி தானாகவே பிடித்துக்கொண்டது. தேங்கியிருந்த செய்திகள் அவள் கைப்பைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன. அவள் பையைத் திறக்கவில்லை. மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வைஃபை வழியாக யாரோ கூப்பிட, போன் அடிக்க ஆரம்பித்தது. முழுசாக அடித்து நின்றது.

"இந்த வீட்ல போன் அடிக்காத எடம் இது ஒண்ணுதாங்க" என்றாள்.

"நீதான லைன் இல்லன்னு சொன்ன?"

"ஆமா. அதுக்காகத்தான் இங்க வந்து படுத்தேன்."

பிறகு, மேலே பார்த்தபடியே, "அந்தக் கொக்கில எதுக்குங்க கட்டினீங்க?" என்று கேட்டாள்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொஞ்சம் உறைத்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "புதுசா ஓட்ட போட வேணாமேன்னு."

அதைச் சொன்னேன். என் வாயால், அந்த அறையில் நின்று, அவளிடம் சொன்னேன். அவள் பாயைச் சுருட்டினாள். அவளுடைய அக்கா சமையற்கட்டில் நின்று எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ரெண்டு நாளு அக்கா வீட்ல இருந்துட்டு வரேன்" என்றாள். அன்று பின்னேரமே காரில் ஏறினாள்.

மறுநாள் காலையில் பெட்டியையும் கேபிளையும் கழற்றினேன். கொக்கியை மட்டும் விட்டுவிட்டேன். பின்னறை பழையபடி லைன் இல்லாத அறையானது. இதை அவளிடம் சொல்லவில்லை. செய்து முடித்த வேலையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டு நாள் என்றது மாதங்களானது. கடல்மேல் போகும் பாலத்தைத் தாண்டி இரண்டு தடவை புக்கிட் மெர்தாஜாம் போனேன். அக்கா வீட்டு முன்கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முதல் தடவை, நகைக்கடை ஒன்றில் சுவரெல்லாம் கண்ணாடி என்பதால் அலை திரும்பத் திரும்ப எதிரொலித்து என்னைப் பாடாய்ப் படுத்தியதைச் சொன்னேன். இரண்டாவது தடவையும் அதுமாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீங்க வந்தா கேபிள் கததான் பேசறீங்க. அவளப் பத்தி ஒரு தடவ பேசுங்க. ஒரே ஒரு தடவ. அப்புறம் நான் வரேன், வேலைக்கும் வரேன். எனக்கு மட்டும்தான் அவ பொறந்தாளா?"

நான் அவர்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தேன். "அடுத்த வாரம் வரேன்" என்று எழுந்தேன். போகவில்லை. பேசத் தெரியாமல் போய் என்ன செய்வது என்று வெட்கமாக இருந்தது. அவள் கேட்டது ஒரே ஒரு பேச்சு. அதைப் பேசிவிட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இது தெரிந்தும் என்னால் முடியவில்லை.

பிள்ளை பிறந்திருக்க வேண்டிய நாள் ஒன்று உண்டு. மருத்துவமனை அட்டையில் எழுதியிருந்த தேதி. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இரண்டாவது முறையாக அந்த நாள் வந்தபோது என் மனைவி அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அன்று வேலைக்குப் போகவில்லை. காலையில் பின்னறைக்குப் போய், கொக்கிக்கு நேர்கீழே தரையில் உட்கார்ந்தேன். முற்றத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. மேலே கொக்கியைப் பார்த்தேன். பிறகு, "ஒனக்கு இன்னிக்கு ஒரு வயசு" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. மஞ்சள் பெயிண்டை அவள் அம்மா தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னேன். யானைக் குட்டி என்று சிரித்ததைச் சொன்னேன். ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்த்தேனே, அந்த எடையைச் சொன்னேன். அழுதேன். ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுவான் என்று எனக்குத் தெரியாது. இதையே அடுத்த நாள் புக்கிட் மெர்தாஜாம் போய் அவளிடம் சொல்லிவிடலாம் என்று தைரியம் வந்தது. சொற்கள் இப்போது என்னிடம் இருந்தன.

மதியம் எழுந்து முன்னறைக்கு வந்தேன். முற்றத்தைத் தாண்டியதும் கைப்பேசி லைனைப் பிடித்துச் சத்தம் போட்டது. அவளிடமிருந்து மூன்று தவறிய அழைப்புகள். மூன்றும் காலையில், பத்து நிமிடத்துக்குள்.

நின்ற இடத்திலேயே திருப்பிக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"காலைல கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். இன்னிக்கு என்ன நாளுன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேக்கலாம்னு. லைன் போவல. போன ஆஃப் பண்ணி வச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"இல்ல, பின்னறையில இருந்தேன்."

"அங்கதான் லைன் இருக்கே. நீங்கதான போட்டீங்க."

"கழட்டிட்டேன்."

"எப்ப?"

"நீ போன மறுநாளே."

"சொல்லலயே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள்.

இப்போது விட்டால் இனி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. "நான் அவகிட்ட பேசிட்டு இருந்தேன்மா. காலைலருந்து. அவளுக்கு இன்னிக்கு ஒரு வயசு. அவ கனம் இன்னும் என் கையில இருக்கு." இவ்வளவுதான் வந்தது. அறைக்குள் மணிக்கணக்கில் சொன்னதில் மிஞ்சியது இதுதான்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "காலைல கேட்டிருந்தா பையத் தூக்கிட்டு வந்திருப்பேங்க. மூணு தடவ போட்டுப் பாத்தேன். அப்புறம் அக்கா கூட்டிட்டுப் போனாங்க, லாயர்கிட்ட. டைவர்ஸ் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டேன்."

நான் வருகிறேன், இப்போதே வருகிறேன் என்றேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்றேன். ஒரு வருடத்தில் பேசாததையெல்லாம் ஒரு மூச்சில் பேசினேன்.

"வேணாங்க. இனிமே என்னால திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியாது" என்றாள். கடைசியாக, "அவகிட்ட பேசுங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

தாள்கள் அடுத்த வாரம் வந்தன. நானும் கையெழுத்துப் போட்டேன். வேலையை இப்போதும் தனியாகத்தான் செய்கிறேன். சாயங்காலம் வீடு திரும்பினால் கைப்பேசியை முன்னறை மேசையில், லைன் நன்றாக வரும் இடத்தில், சத்தத்தை முழுசாகக் கூட்டி வைக்கிறேன். பின்னறைக்கு வெறும் கையோடு போகிறேன். மகளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காது முன்னறையில் இருக்கிறது.